கொடுத்தாலும் சோதனை, எடுத்தாலும் சோதனை

(திருவண்ணாமலையில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனது ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்கள் காட்டிய வழியில் நடக்கும் நம் அனைவர் மீதும் உண்டாவதாக. ஆமீன்.



இன்று ஒரு கிரிக்கெட் வீரரைப் பற்றிப் பேசப்போகிறேன். மிம்பரில் நின்று கிரிக்கெட் பேசுவதா என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியிருக்கிறார்கள். அதில் தாமும் ஓட்டியதாக இப்னு உமர் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். புகாரியில் அந்தச் செய்தி இருக்கிறது. மார்க்கம் விளையாட்டை வெறுக்கவில்லை. விளையாட்டில் ஜெயிப்பவனுக்கும் தோற்பவனுக்கும் உள்ளத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியும் மார்க்கம் பேசாமல் விடவில்லை.

இதைப் பேச வேண்டிய அவசியம் எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பையன் கேட்ட கேள்வி

சில வாரங்களுக்கு முன்பு, அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு தந்தை என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், பையன் ரூமை விட்டு வெளியே வரமாட்டேங்கிறான். நீங்க ஒரு தடவை வந்து பேசணும்" என்றார். அவரிடமும் அந்தப் பையனிடமும் அனுமதி வாங்கித்தான் இதைச் சொல்கிறேன். அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். யார் வீட்டுப் பையன் என்று தயவுசெய்து தேடாதீர்கள். துருவித் துருவி ஆராய்வது கூடாது என்று அல்லாஹ் தடுத்திருக்கிறான்.

அந்தப் பையன் நன்றாகப் பந்து வீசுவான். டென்னிஸ் பால் போட்டி ஒன்றில் கடைசி ஓவரில் மூன்று விக்கெட் எடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தான். தெருமுனையில் அவன் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். டீக்கடையில் காசு வாங்காமல் டீ கொடுத்தார்கள். நானும் அவன் தோளில் தட்டி "மாஷா அல்லாஹ், தம்பி" என்று சொன்னேன். அடுத்த வருடம் தோளில் வலி. பந்து சொன்ன இடத்தில் விழவில்லை. அணியில் வேறு ஒருவனைச் சேர்த்துக்கொண்டார்கள். "அவ்வளவுதான் இவன் சரக்கு" என்று நண்பர்களே சொன்னார்கள். அவன் படம் போட்ட ஃப்ளெக்ஸை ஒரு தள்ளுவண்டிக்காரர் வெயிலுக்கு மறைப்பாகக் கட்டியிருந்தார். தினமும் அந்த வழியாகத்தான் அவன் கல்லூரிக்குப் போக வேண்டும்.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்: "ஹஜ்ரத், அல்லாஹ்வுக்கு என் மேல கோபமா?"

சகோதரர்களே, இது ஒரு பையனின் கேள்வி மட்டுமல்ல. கடை நொடித்துப்போனவர், வேலை போனவர், பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பில் தவறிய மாணவி, மணமுறிவு ஏற்பட்டுத் தாய்வீடு திரும்பிய மகள் என்று எல்லோர் உள்ளத்திலும் இந்தக் கேள்வி இருக்கிறது. வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு.

அந்தத் தம்பிக்கு நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு பந்துவீச்சாளரின் கதையைச் சொன்னேன். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் படிப்பினை யாருடைய வாழ்க்கையிலிருந்து கிடைத்தாலும் முஃமின் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதினெட்டு வயதில் ஒரு உச்சம்

லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன். 1965 டிசம்பர் 31 அன்று சென்னையில் பிறந்தவர். மணிக்கட்டைச் சுழற்றிப் போடும் லெக் ஸ்பின் பந்துவீச்சாளர். 1983 ஏப்ரலில் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள ஆன்டிகுவாவில் இந்தியாவுக்காக முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 17. இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர்களில் அதுவரை அவ்வளவு சிறு வயதில் யாரும் ஆடியதில்லை. அந்த ஆட்டத்தில் ஒரு விக்கெட்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, 1984 நவம்பர் இறுதியில், பம்பாய் வான்கடே மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். நாடே கலங்கிக் கிடந்த நேரம் அது. பிரதமர் இந்திரா காந்தி படுகொலை செய்யப்பட்டு ஒரு மாதம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அந்த ஆட்டத்தில் பதினெட்டு வயதுப் பையன் முதல் இன்னிங்ஸில் 6 விக்கெட், இரண்டாவது இன்னிங்ஸில் 6 விக்கெட், ஆக 12 விக்கெட் எடுத்தார். இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அடுத்து டெல்லி டெஸ்டின் முதல் இன்னிங்ஸிலும் 6 விக்கெட். தொடர்ந்து மூன்று இன்னிங்ஸ்களில் ஆறு, ஆறு, ஆறு.

1985 மார்ச் 10. ஆஸ்திரேலியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் கிரிக்கெட்டின் இறுதிப் போட்டி, மெல்பர்ன் மைதானம், எதிரில் பாகிஸ்தான். ஜாவேத் மியாந்தத் இறங்கி வந்து அடிக்கப் போக, சிவராமகிருஷ்ணனின் பந்து ஏமாற்றிச் செல்ல, விக்கெட் கீப்பர் சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பிங் செய்தார். அன்று அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் அந்தக் காட்சியைச் சொல்வார்கள். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. இன்னும் பதினைந்து வருடம் இவர்தான் என்று பேசினார்கள்.

என்ன ஆயிற்று தெரியுமா? 1986 ஜனவரி தொடக்கத்தில் சிட்னியில் ஒரு டெஸ்ட் ஆடினார். இருபது வயது நிறைந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதுவே அவருடைய கடைசி டெஸ்ட். 1987 உலகக் கோப்பையில் சில ஆட்டங்களுக்கு மட்டும் திரும்பி வந்தார். மொத்தம் 9 டெஸ்ட், 26 விக்கெட். அந்த 26-இல் 18 விக்கெட்டுகள் நான் சொன்ன அந்த மூன்று இன்னிங்ஸ்களில் வந்தவை. மீதி வாழ்க்கை முழுவதற்கும் எட்டு.

லெக் ஸ்பின் என்பது கடினமான கலை என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். மணிக்கட்டின் கோணம் சற்றே மாறினாலும் பந்து விழும் இடம் மாறிவிடும். கொஞ்சம் முன்னால் விழுந்தால் அடிப்பான், பின்னால் விழுந்தாலும் அடிப்பான். கை பழகியிருக்க வேண்டும், மனதும் உறுதியாக இருக்க வேண்டும். மனம் ஆடினால் மணிக்கட்டும் ஆடும்.

அவர் ஏன் சரிந்தார் என்பதற்கு ஊரெல்லாம் ஒவ்வொரு காரணம் சொன்னது. அந்தக் காரணங்களை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஆனால் அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்ன ஒன்றைச் சொல்கிறேன். 2021-இல், தம் தோலின் நிறத்துக்காக வாழ்நாள் முழுவதும் இழிவுபடுத்தப்பட்டதாகவும், அதுவும் சொந்த நாட்டிலேயே நடந்தது என்றும் பொதுவெளியில் எழுதினார். அதற்குள் அவர் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் கிரிக்கெட் வர்ணனை செய்து, மக்கள் அறிந்த குரலாக ஆகியிருந்தார். உச்சத்தில் கைதட்டிய அதே நாட்டில், அந்த வலியை முப்பத்தைந்து வருடங்களுக்கு மேல் சுமந்திருக்கிறார்.

அவர் ஒருவர் மட்டுமா?

இது ஒருவருக்கு மட்டும் நடந்த கதை என்று நினைக்காதீர்கள். 1988 ஜனவரியில் அதே சென்னை சேப்பாக்கம் மைதானத்தில், மத்தியப் பிரதேசத்துக்காக ஆடிவந்த நரேந்திர ஹிர்வானி என்ற மூக்குக் கண்ணாடி போட்ட பத்தொன்பது வயது லெக் ஸ்பின்னர் தம் முதல் டெஸ்டை ஆடினார். எதிரில் விவியன் ரிச்சர்ட்ஸின் மேற்கிந்தியத் தீவுகள் அணி. ஹிர்வானி இரண்டு இன்னிங்ஸிலும் எட்டு எட்டாக 16 விக்கெட் எடுத்தார். கொடுத்தது 136 ரன். முதல் டெஸ்டில் அதைவிடச் சிறந்த பந்துவீச்சு உலகத்தில் இல்லை. முதல் நான்கு டெஸ்டில் 36 விக்கெட். அதற்குப் பிறகு கிடைத்த பதின்மூன்று டெஸ்டில் 30. பதினேழு டெஸ்டோடு முடிந்துவிட்டது.

அவருக்கு முன்பு 1972-இல் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் பாப் மாஸி என்ற ஆஸ்திரேலியர் தம் முதல் டெஸ்டில் 16 விக்கெட் எடுத்தார். கொடுத்தது 137 ரன். அவர் ஆடியது மொத்தமே 6 டெஸ்ட்.

நாடு வேறு, காலம் வேறு, ஆனால் நடந்தது ஒன்றே. நம் ஊரில் பவுர்ணமி இரவு மலையைச் சுற்றிலும் கால் வைக்க இடமில்லாத கூட்டத்தைப் பார்க்கிறோம். மறுநாள் விடிந்தால் அதே சாலையில் துப்புரவுப் பணியாளர்கள் மட்டும் நிற்கிறார்கள். மனிதக் கூட்டம் தரும் புகழும் அப்படித்தான். வந்த வேகத்தில் கலைந்துவிடும். கூட்டம் கலைந்த பிறகு நடுவில் தனியாக நிற்பவனின் நிலை என்ன என்பதுதான் நம் கேள்வி.

இரண்டு சொற்களுக்கும் ஒரே மறுப்பு

அன்புச் சகோதரர்களே! சூரா அல்ஃபஜ்ரின் 15, 16-ஆம் வசனங்களில் அல்லாஹ் மனிதனின் இயல்பைப் படம்பிடித்துக் காட்டுகிறான். இறைவன் அவனைச் சோதிக்கும்போது கண்ணியத்தையும் வசதியையும் கொடுத்தால், என் ரப்பு என்னை மேன்மைப்படுத்திவிட்டான் என்கிறான். அதே இறைவன் சோதிக்கும்போது வாழ்வாதாரத்தைச் சுருக்கினால், என் ரப்பு என்னைக் கேவலப்படுத்திவிட்டான் என்கிறான்.

இங்கே கவனியுங்கள். இரண்டு இடத்திலும் அல்லாஹ் சோதனை என்ற சொல்லையே பயன்படுத்துகிறான். கொடுத்ததும் சோதனை, சுருக்கியதும் சோதனை. நாம் என்ன செய்கிறோம்? கஷ்டம் வந்தால் மட்டும் "அல்லாஹ் சோதிக்கிறான்" என்கிறோம். பையன் ஃப்ளெக்ஸில் வந்தபோது யாராவது "பாவம், பையனுக்குச் சோதனை வந்துவிட்டது, துஆ செய்யுங்கள்" என்று சொன்னோமா? சொல்லவில்லை. ஆனால் அன்றுதான் அவனுக்கு நம் துஆ அதிகம் தேவைப்பட்டது.

அந்த இரண்டு பேச்சுகளையும் கேட்டுவிட்டு அல்லாஹ் ஒரே சொல்லில் மறுக்கிறான்: கல்லா. அப்படி அல்ல! உனக்குக் கிடைத்த வெற்றி, நீ என் நேசன் என்பதற்கு நான் கொடுத்த சான்றிதழ் அல்ல. உன்னிடமிருந்து அது எடுக்கப்பட்டதும் நீ என்னால் வெறுக்கப்பட்டவன் என்ற தீர்ப்பு அல்ல. இப்படித்தான் அந்தச் சொல்லை நாம் விளங்க வேண்டும்.

அந்தத் தம்பியிடம் நான் இதைத்தான் சொன்னேன். "தம்பி, நீ கோப்பை வாங்கிய அன்று அல்லாஹ்வுக்கு உன் மேல் தனிப் பிரியம் என்று நினைத்தாயா? நினைத்திருந்தால் அதுவும் தவறு. இன்று கோபம் என்று நினைக்கிறாய், இதுவும் தவறு. இரண்டு நாளும் அவன் உன்னிடம் கேட்டது ஒன்றே: இப்போது நீ எப்படி நடந்துகொள்ளப்போகிறாய்?"

அள்பா என்ற ஒட்டகம்

நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்று ஒரு ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் ஒரு கிராமத்து அரபி தம்முடைய இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது மிகவும் பாரமாக இருந்தது. அவர்கள் முகத்தில் அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், இந்த உலகில் உயர்ந்த எதையும் ஒருநாள் தாழ்த்துவது அல்லாஹ் தன் மீது வைத்துக்கொண்ட நியதி என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது.

எவ்வளவு அழகான பாடம்! நபிகளாரின் ஒட்டகம் அது. அதற்கே விலக்கு இல்லை. நபி (ஸல்) அவர்கள் அந்தக் கிராமத்து அரபியைக் கடிந்துகொள்ளவில்லை. மறுபடி ஓடிப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. அள்பா இனி எதற்கும் உதவாது என்று ஒதுக்கவும் இல்லை. தோழர்களின் உள்ளத்தை மட்டும் சரிசெய்தார்கள்.

ஏறியது இறங்கும் என்பது உலகத்தின் நியதி. அதில் அவமானம் இல்லை. அந்த நியதியை மறந்து, ஏறியவனைத் தலையில் தூக்கி வைத்துவிட்டு, இறங்கியவுடன் காலில் போட்டு மிதிப்பதுதான் அவமானம். அது அவனுடைய அவமானமும் அல்ல, நம்முடையது.

கண்ணியம் யாரிடம் கேட்கப்படுகிறது?

மறுபடி அல்ஃபஜ்ர் சூராவுக்கு வாருங்கள். கல்லா என்று மறுத்த அல்லாஹ் அதற்கு அடுத்து என்ன சொல்கிறான்? வெற்றி தோல்வி பற்றி விளக்கம் தரவில்லை. நேராக நம் பக்கம் திரும்புகிறான். நீங்கள் அநாதையைக் கண்ணியப்படுத்துவதில்லை, ஏழைக்கு உணவளிக்க ஒருவரையொருவர் தூண்டுவதும் இல்லை என்று கண்டிக்கிறான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. என்னை மேன்மைப்படுத்தினான் என்று மனிதன் சொல்லும் இடத்தில் வரும் சொல் 'அக்ரம'. அநாதையைக் கண்ணியப்படுத்துவதில்லை என்னும் இடத்தில் வருவது 'துக்ரிமூன'. இரண்டும் ஒரே வேர்ச்சொல். அல்லாஹ் எனக்குக் கண்ணியம் தந்தானா, பறித்தானா என்று நீ கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நீ யாருக்குக் கண்ணியம் கொடுத்தாய் என்று அவன் கேட்கிறான்.

ஆக, ஒரு மனிதன் சரியும்போது சோதனை அவனுக்கு மட்டும் அல்ல. சுற்றி நிற்கும் நமக்கும்தான். அவனுடைய சோதனைத்தாள் ஒன்று, நம்முடைய சோதனைத்தாள் வேறு. அவனுக்குக் கேள்வி: பொறுமையாக இருப்பாயா? நமக்குக் கேள்வி: இவனை என்ன செய்யப்போகிறீர்கள்?

இந்தத் தேர்வில் நாம் தவறும் இடங்கள் இரண்டு.

முதலாவது, நாக்கு. சிவராமகிருஷ்ணன் சரிந்ததற்கு ஊர் சொன்ன காரணங்களைச் சொல்லமாட்டேன் என்றேன் அல்லவா? காரணம் இதுதான். அவை உண்மையா என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பேசினால் அது கெட்ட எண்ணம் அல்லது அவதூறு. தெரிந்த குறையை அவர் இல்லாதபோது பேசினால் அது புறம். சூரா அல்ஹுஜுராத்தின் 12-ஆம் வசனத்தில் சந்தேகத்தையும், துருவுவதையும், புறம் பேசுவதையும் அல்லாஹ் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்து, புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிடுகிறான். இந்த மூன்றும் எந்த வரிசையில் வருகின்றன பாருங்கள்! முதலில் சந்தேகப்படுகிறோம். பிறகு துருவுகிறோம். பிறகு டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறோம். ஒருவர் கடை மூடினால் "ஏதோ இருக்கும், சும்மாவா மூடுவான்" என்கிறோம். அந்த "ஏதோ இருக்கும்" என்ற இரண்டு சொற்கள் எத்தனை வீட்டை எரித்திருக்கின்றன!

இரண்டாவது, நிறம். ஒரு மனிதர் நாட்டுக்காக ஆடி வென்று கொடுத்த பிறகும் அவர் தோலைப் பார்த்துப் பேசியிருக்கிறார்கள் என்றால், அது கிரிக்கெட்டின் பிரச்சினை மட்டும் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் வீடுகளில் பெண் பார்க்கப் போகும்போது முதல் கேள்வி என்ன? "பொண்ணு கலரா?" தொழுகிறாளா என்பது அப்புறம்தான். பிள்ளைக்குப் பெற்றோர் அழகான பெயர் வைத்திருப்பார்கள், தெருவில் கூப்பிடுவது "கருப்பா" என்று.

அபூதர் (ரலி) அவர்கள் ஆரம்ப காலத்திலேயே இஸ்லாத்தை ஏற்ற பெரிய ஸஹாபி. ஒருமுறை கோபத்தில் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள், உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யத் இருக்கிறது என்று கண்டித்தார்கள். உங்கள் பொறுப்பில் உள்ளவர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையே அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், உடுத்துவதையே உடுத்தக் கொடுங்கள் என்ற கருத்தில் போதித்தார்கள். அதன் பிறகு அபூதர் (ரலி) அவர்களும் அவர்களுடைய பணியாளரும் ஒரே மாதிரி ஆடை அணிந்திருப்பதை மக்கள் பார்த்தார்கள். ஒரு தவறான சொல்லுக்காக வாழ்க்கை முறையையே மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். நம்மில் ஒருவர் அப்படிப் பேசிவிட்டால் "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று முடித்துவிடுகிறோம். இறுதி ஹஜ்ஜின் உரையில் வெள்ளையருக்குக் கறுப்பரைவிட, கறுப்பருக்கு வெள்ளையரைவிட எந்த மேன்மையும் இல்லை, தக்வாவைக் கொண்டே தவிர என்று அறிவித்த நபியின் உம்மத் நாம்.

பதவி இறங்கிய தளபதி

சரி, சரிந்தவர் என்ன செய்ய வேண்டும்? அதற்கு காலித் பின் வலீத் (ரலி) அவர்களின் வாழ்க்கையைப் பாருங்கள். அல்லாஹ்வின் வாள் என்று பெயர் பெற்றவர்கள். உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவானதும் அவர்களைத் தலைமைத் தளபதி பொறுப்பிலிருந்து இறக்கி, அபூஉபைதா (ரலி) அவர்களை அந்த இடத்தில் வைத்தார்கள். பிற்பாடு பொறுப்புகளிலிருந்து முழுமையாகவே விலக்கினார்கள். தோற்றுப்போன தளபதி அல்ல அவர்கள், வெற்றியின் உச்சியில் இருந்தவர்கள்.

அபூஉபைதாவின் கீழ் காலித் (ரலி) அவர்கள் தொடர்ந்து போரிட்டார்கள். நேற்றுவரை யாருக்குக் கட்டளையிட்டார்களோ அவர்களோடு சேர்ந்து கட்டளைக்குக் கட்டுப்பட்டார்கள். கூட்டம் சேர்க்கவில்லை. பொறுப்பு போனது, பணி போகவில்லை. காரணம், அவர்கள் பொறுப்புக்காகப் பணி செய்தவர்கள் அல்ல.

இதில் இன்னொரு பாடம் உமர் (ரலி) அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் காலிதை நீக்கியபோது, கோபத்தாலோ மோசடி காரணமாகவோ நீக்கவில்லை என்றும், வெற்றி காலிதால் வருகிறது என்று மக்கள் நம்பத் தொடங்கியதால், அதைக் கொடுப்பவன் அல்லாஹ்வே என்று அவர்கள் விளங்க வேண்டும் என்பதற்காகவே நீக்கியதாகவும் பல ஊர்களுக்கும் எழுதி அனுப்பினார்கள் என்று வரலாற்று நூல்களில் வருகிறது. பதவியை எடுத்தார்கள், மானத்தை எடுக்கவில்லை. யாரும் "ஏதோ இருக்கும்" என்று பேச இடம் வைக்கவில்லை. ஒரு அணியில், ஒரு கடையில், ஒரு ஜமாஅத் நிர்வாகத்தில் ஒருவரை மாற்ற வேண்டி வரலாம். அது உரிமை. ஆனால் அவர் தலைநிமிர்ந்து வெளியே போகும்படி மாற்றுவது கடமை.

அப்படியானால் உழைக்க வேண்டாமா?

ஒரு இளைஞர் கேட்கலாம்: "எல்லாம் ஏறி இறங்கும் என்றால், ஏன் கஷ்டப்பட்டுப் பயிற்சி செய்ய வேண்டும்?" நல்ல கேள்வி. முஸ்லிமில் பதிவான செய்தியில் நபி (ஸல்) அவர்கள் பலமான முஃமினைப் புகழ்ந்துவிட்டு, பயன் தருவதில் ஆர்வத்தோடு முயலவும், அல்லாஹ்விடம் உதவி தேடவும், சோர்ந்துவிடாமல் இருக்கவும் சொன்னார்கள். ஏதேனும் நேர்ந்துவிட்டால், இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே என்று புலம்பவேண்டாம், அது ஷைத்தானுக்குக் கதவு திறக்கும் என்றும் எச்சரித்தார்கள்.

முயற்சி நம் கையில், முடிவு அவன் கையில். பந்தை விடும்வரைதான் மணிக்கட்டு நம்முடையது. விட்ட பிறகு அது பிட்ச்சில் பட்டு எங்கே திரும்பும் என்பது நம் வசம் இல்லை. தவறு நம்முடையதாக இருந்தால், தனிமையில் உட்கார்ந்து நம்மையே விசாரித்துக்கொள்ள வேண்டும்; திருத்திக்கொள்ள வேண்டும். விதி என்று சொல்லித் தப்பிக்கக்கூடாது. ஆனால் தன்னை விசாரிப்பது வேறு, தன்னை வெறுப்பது வேறு. முதலாவது தவ்பாவின் வாசலுக்குக் கொண்டுபோகும். இரண்டாவது அறையின் கதவைப் பூட்டிக்கொள்ள வைக்கும்.

நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே, பிள்ளை ஜெயித்துவிட்டு வரும் அன்றே சொல்லுங்கள்: "அல்ஹம்துலில்லாஹ், இது ஒரு நிஃமத், நாளைக்கு இல்லாமலும் போகலாம், அப்போதும் நீ எங்கள் பிள்ளைதான்." தோற்றுவிட்டு வரும் அன்று அதைச் சொல்வதைவிட ஜெயித்த அன்று சொல்வதுதான் மனதில் நிற்கும்.

இளைஞர்களே, உங்கள் அணியில் ஒருவனுக்கு ஆட்டம் போய்விட்டது என்றால் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீக்காதீர்கள். உஹுத் போரில் தவறிழைத்தவர்களை மன்னிக்கவும், அவர்களிடம் மீண்டும் ஆலோசனை கேட்கவும் அல்லாஹ் தன் தூதருக்கு ஆலஇம்ரான் சூராவில் கட்டளையிட்டான். தவறியவனிடம் ஆலோசனை கேட்பது என்றால், நீ இன்னும் எங்களுக்குத் தேவை என்று சொல்வது. சிறியவர்களுக்குப் பந்துவீசக் கற்றுக்கொடு என்று அவனைக் கூப்பிடுங்கள்.

ஜமாஅத்தார்களே, முதல் குற்றவாளியாக என்னையே சொல்லிக்கொள்கிறேன். அந்தத் தம்பி கோப்பை வாங்கியபோது தோளில் தட்டினேன். ஃபஜ்ருக்கு வந்துகொண்டிருந்த பையன், பல வாரங்களாக ஸஃப்பில் இல்லை. நான் கவனிக்கவில்லை. அவன் தந்தை வந்து சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை. கூட்டம் கைதட்டியபோது நானும் அதில் ஒருவன். கூட்டம் கலைந்தபோதும் நான் அதில் ஒருவன். அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு காலத்தில் நீங்கள் பாராட்டிய, இப்போது கண்ணில் படாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். போன் செய்து ஸலாம் சொல்லுங்கள். என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டாம். அறிவுரை சொல்ல வேண்டாம். "எப்படி இருக்கீங்க, வாங்க, ஒருநாள் சேர்ந்து சாப்பிடலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். அநாதையைக் கண்ணியப்படுத்துவதும் பசித்தவனுக்கு உணவளிப்பதும் அல்ஃபஜ்ர் சூராவில் அடுத்தடுத்து வருகின்றன. உலகம் கைவிட்டவனும் அந்த நேரத்தில் ஒருவகையில் அநாதைதான்.

யா அல்லாஹ்! நீ கொடுக்கும்போது பெருமையிலிருந்தும், எடுக்கும்போது நிராசையிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! சரிந்து நிற்கும் சகோதரர்களைக் கைபிடித்துத் தூக்கும் கைகளாக எங்கள் கைகளை ஆக்குவாயாக! எங்கள் நாவுகளைச் சந்தேகத்திலிருந்தும் புறத்திலிருந்தும் பாதுகாப்பாயாக! எங்கள் பிள்ளைகளுக்கு இரு உலகிலும் உண்மையான கண்ணியத்தைத் தருவாயாக!

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.